ஈசிஐஎல் எக்ஸ் ரோடும் ஒரு பழைய பொட்டியும்

ஹைதராபாத் என்றதும் நம்மாளுங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? பிரியாணி, சார்மினார், ஹைடெக் சிட்டி. ஹைடெக் சிட்டி ஊருக்கு மேற்கே. அதற்கு எதிர்ப்பக்கம், வடகிழக்கு மூலையில், குஷாய்குடா பக்கத்தில் ஈசிஐஎல் எக்ஸ் ரோடு என்று ஒரு சந்திப்பு. சிட்டி பஸ் போர்டில் வெறும் 'ஈசிஐஎல்' என்றுதான் போட்டிருக்கும். அது எதன் சுருக்கம் என்று கேட்டால் பஸ்ஸில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா லிமிடெட். அணுசக்தித் துறையின் கீழ் வரும் பொதுத்துறை நிறுவனம். எலெக்ஷன் அன்று பட்டனை அமுக்கினால் 'பீப்' என்று கத்துகிறதே, அந்த வாக்குப்பதிவு எந்திரத்தைச் செய்கிற இரண்டு நிறுவனங்களில் இது ஒன்று. மற்றது பெங்களூரு பெல். ஆனால் இந்தப் பதிவு ஓட்டு மெஷினைப் பற்றியது இல்லை. அதற்கும் முன்னால் இதே வளாகத்தில் நம்ம ஆட்கள் கம்ப்யூட்டரே செய்தார்கள். அந்தக் கதையும், அது இப்போது எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்பதும்தான் விஷயம்.

நான் ஹைதராபாத்தில் பொட்டி தட்டிய நாலு வருஷமும் ஏ.எஸ்.ராவ் நகரில்தான் ஜாகை. இப்போது கடல் கடந்து குளிர்தேசத்தில். பகலில் ஆபீஸ் ஆணி. ராத்திரி குழந்தைகள் தூங்கிய பிறகு திறமூல எமுலேட்டர் ஒன்றில் சில்லறை வேலை. புதிய கம்பைலர் வந்தால் உடைவதை ஒட்டுவேன், பில்டு ஸ்கிரிப்டைத் திருத்துவேன். "காசு குடுத்தா ஆணி புடுங்கலாம், இது சும்மா புடுங்குற ஆணியால்ல இருக்கு" என்பது தங்கமணியின் தீர்ப்பு :-) அந்த ஆணிக்கும் ஈசிஐஎல் எக்ஸ் ரோட்டுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது.

பொட்டி பிறந்த கதை

1962 சீனப் போருக்குப் பிறகுதான் எலக்ட்ரானிக்ஸில் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று டில்லிக்கு உறைத்தது. 1963இல் ஹோமி பாபா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் அறிக்கை 1966இல் வந்தது. அதே வருஷம் ஜனவரியில் பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் போய்விட்டார். அவரிடம் எலக்ட்ரானிக்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஏ.எஸ்.ராவ், 1967 ஏப்ரல் 11 அன்று ஹைதராபாத்தில் ஈசிஐஎல்லைத் தொடங்கி வைத்தார். அய்யகாரி சாம்பசிவ ராவ், மேற்கு கோதாவரிக்காரர். நான் குடியிருந்த நகருக்கு அவர் பெயர்தான்.

மும்பையில் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வடிவமைத்த கம்ப்யூட்டருக்கு டிடிசி-12 என்று பெயர். டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர், 12 பிட். வருஷம் 1969. ஹைதராபாத்தில் ஈசிஐஎல் அதைத் தயாரித்து விற்றது. பிறகு 1974இல் டிடிசி-312, 1975இல் 16 பிட் டிடிசி-316, 1978இல் மைக்ரோபிராசசர் வைத்த மைக்ரோ-78. பெரும்பாலும் அரசு ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போயின. அமெரிக்க டெக் கம்பெனியின் பிடிபி-8, டிடிசி-12க்கு அண்ணன் மாதிரி. டிடிசி-316 பிடிபி-11ஐ ஒத்தது.

1978 வாக்கில் மினி கம்ப்யூட்டர் செய்யத் தனியாருக்கும் கதவு திறந்தது. எச்சிஎல், டிசிஎம் எல்லாம் களத்தில் இறங்கின. மைக்ரோபிராசசரும் வந்து சேர்ந்தது. டிடிசி வரிசை மெல்ல ஓய்ந்தது. பெரிய அலமாரி சைஸ் எந்திரங்கள். இடத்தை அடைக்கும், கரண்ட் தின்னும், ஸ்பேர் கிடைக்காது. அப்படிப்பட்ட எந்திரம் எந்த நாட்டிலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் பழைய இரும்புக் கடைதான்.

அப்புறம் அந்த எந்திரத்துக்கு எழுதிய புரோகிராம்? அது ஓட இன்னொரு எந்திரம் வேண்டுமே? இங்கேதான் எமுலேட்டர் வருகிறது.

எமுலேட்டர் என்றால்?

தெலுங்கு தெரியாமல் ஹைதராபாத்துக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்காரர் ஒவ்வொரு வாக்கியம் சொல்லும்போதும் பக்கத்து வீட்டு அக்கா தமிழில் சொல்கிறார். எமுலேட்டரும் அதையேதான் செய்கிறது. பழைய எந்திரத்தின் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, 'இது என்ன சொல்லுது' என்று பார்த்து, இன்றைய எந்திரத்தின் மொழியில் நடத்திக் காட்டும். இது மெதுவான முறை. ஒரு மாதம் போனால் 'கிலோ எந்த' என்பதை நாமே கேட்டுவிடுகிறோம், அக்கா தேவையில்லை. அப்படி அடிக்கடி வரும் கட்டளைத் தொகுப்பை ஒருமுறை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது வேகமான முறை.

முதல் முறைக்கு நல்ல உதாரணம் சிம்எச். டெக் கம்பெனியில் துணைத்தலைவராக இருந்த பாப் சப்னிக் 1993இல் தொடங்கியது. இரண்டாவதற்கு கியூஎமு. பிரான்ஸ் நாட்டு ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவர்கள் கம்ப்யூட்டரில் ஓடவிடும் போன் எமுலேட்டருக்குள்ளே இருப்பது இதுதான்.

தலைதட்டி அளக்கும் வேலை

"பழைய பொட்டி மாதிரி நடிக்கணும், அவ்ளோதானே?" என்று தோன்றும். பிடிபி-8இல் ஒரு எண்ணுக்கு 12 பிட். 0 முதல் 4095 வரை கொள்ளும். 4095உடன் 1 கூட்டினால் 0 ஆகிவிடும். வழிந்த ஒன்று 'லிங்க்' என்ற தனி பிட்டைத் திருப்பிப் போடும். அது 0 என்றால் 1 ஆகும், 1 என்றால் 0 ஆகும். இன்றைய எந்திரங்களில் 8, 16, 32, 64 பிட் அளவுகள்தான் உண்டு, 12 கிடையாது. அதனால் எமுலேட்டர் எழுதுபவர் ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் மேலே குவிந்ததைச் சீவிவிட வேண்டும். பாட்டி படியில் அரிசி அளந்து தலைதட்டுவாளே, அதே வேலை. ஒரே ஒரு இடத்தில் தலைதட்ட மறந்தால் போதும், புரோகிராம் பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடிவிட்டு எங்கேயோ போய் விழும்.

இதைவிட வேடிக்கை ஐபிஎம் 1620. 1963 ஆகஸ்டில் ஐஐடி கான்பூருக்கு வந்தது இதுதான். ஈரோட்டுக்காரர் வி.ராஜாராமன் போன்றவர்கள் ஒரு தலைமுறைக்கே ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தது இதை வைத்துத்தான். முதல் மாடலுக்குக் கூட்டவே தெரியாது! நினைவகத்தில் கூட்டல் வாய்ப்பாடு எழுதி வைத்திருக்கும், அதைப் பார்த்துத்தான் விடை சொல்லும். உங்கள் புரோகிராம் தப்பித்தவறி வாய்ப்பாட்டின் மேலேயே எழுதிவிட்டால் எந்திரம் தப்புக் கணக்குப் போடும். ஆக, ஒழுங்கான எமுலேட்டரும் அப்போது அதே தப்புக் கணக்கைப் போட வேண்டும். சரியாகக் கூட்டிவிட்டால் அது பிழை!

யாரும் பார்க்காத ஆணி

ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்ததா? இல்லை. கோடை அப்படியே வைத்திருந்தாலும் அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

கியூஎமு முதலில் ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு குட்டிக் கட்டளைக்கும் சி மொழியில் சின்னச் சின்ன ஃபங்ஷன் எழுதி, அதை ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்து, வெளியே வரும் எந்திரக் கோடைத் துண்டு துண்டாக வெட்டி, ஓடும்போது ஒட்டவைத்தது. ஃபங்ஷனின் முடிவு எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய வீடு. ஜிசிசி 4 வந்தது. வேகத்துக்காகக் கோடை முன்பின்னாக அடுக்கியது. முடிவு நடுவிலும் வரலாம் என்றானது. வீடு ஆட்டம் கண்டது. கியூஎமுவை பில்டு செய்வதற்கென்றே பழைய ஜிசிசி 3ஐப் பலர் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2008இல் பெல்லார்ட் அந்த முறையையே தூக்கிப்போட்டு, கம்பைலரின் தயவு இல்லாமல் தானே எந்திரக் கோடு உண்டாக்கும் டிசிஜி என்ற பகுதியை எழுதினார். 2009 மார்ச்சில் வந்த 0.10 பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது.

பில்டு விஷயமும் இப்படியே. பல வருஷமாகக் கையால் எழுதிய கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் மேக்ஃபைல்களுமாக வளர்ந்த கியூஎமு, 2020 டிசம்பரில் 5.2 பதிப்பில் மீசான் என்ற பில்டு முறைக்கு மாறியது. பயன்படுத்துபவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே வீட்டு வயரிங் முழுக்க மாற்றிய மாதிரி.

அதே 2020இல் ஆப்பிளின் எம்1 சிப் வந்தது. ஒரே நினைவகப் பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதவும் கூடாது, அதை ஓட்டவும் கூடாது என்று அதன் சட்டம். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஓடும்போதே கோடு எழுதி ஓட்டுவதுதானே வேகமான எமுலேட்டரின் பிழைப்பு? அதற்கும் ஒட்டு போட்டார்கள்.

தொழில்நுட்பம் மட்டுமில்லை, மனிதர்களும் உண்டு. சிம்எச்சில் 2022இல் ஒரு தகராறு. பழைய டிஸ்க் நகல் கோப்பின் கடைசியில் சிம்எச் தானாகக் கூடுதல் குறிப்பு எழுதுவது சரியா என்று தொடங்கி, உரிமத்தை மாற்றுவது வரை போனது. முந்தைய கோடை எடுத்துக்கொண்டு, பலர் சேர்ந்த ஒரு வழிநடத்தும் குழுவோடு 'ஓப்பன் சிம்எச்' பிறந்தது. திறமூலம் என்பதால்தான் அது முடிந்தது. ஒரு ஆள் கையில் மட்டும் இருந்திருந்தால் முப்பது வருஷ உழைப்பு சண்டையில் சிக்கியிருக்கும்.

பராமரிப்பு நமக்குப் புதுசா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்பியது. வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு அவர்கள் ஒத்துவரவில்லை. ஆனால் அவர்களின் எந்திரங்கள் நூற்றுக்கணக்கில் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. சம்பளப் பட்டியல், பரீட்சை மார்க், ரயில்வே கணக்கு எல்லாம் அதில். யார் பார்த்துக்கொள்வது?

1975இலேயே அரசு ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தது. பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், அதாவது சிஎம்சி. அதன் முதல் தலைவர் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்த ஆர்.நரசிம்மன். மும்பையில் டிஐஎஃப்ஆரில், இந்தியாவிலேயே கட்டிய முதல் பெரிய கம்ப்யூட்டரான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவின் தலைவர். செய்தவரையே பராமரிப்பு நிறுவனத்துக்குத் தலைவராக்கினார்கள் பாருங்கள், அதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஐபிஎம் விட்டுப்போன எந்திரங்களை சிஎம்சி ஆட்கள் ஓட வைத்தார்கள். பின்னாளில் சிஎம்சி ஹைதராபாத்திலும் ஆய்வு மையம் வைத்தது. 2001இல் டாட்டா வசம் போய், 2015இல் டிசிஎஸ்ஸோடு கலந்துவிட்டது.

பெயரில் 'பராமரிப்பு' என்று வைத்துக்கொள்ள அன்று வெட்கப்படவில்லை. இன்று ரெஸ்யூமேயில் 'மெயின்டனன்ஸ் பிராஜக்ட்' என்று போட நம்மில் எத்தனை பேர் தயங்குகிறோம்?

பேப்பரிலிருந்து உயிர்

"இதெல்லாம் ஓடி என்னப்பா பிரயோஜனம்?" என்றான் என் பையன். நியாயமான கேள்வி. ஒரு பதில் காசுக்கானது. கனடாவில் அணு மின்நிலைய ரோபோக்களை ஓட்டும் பிடிபி-11களுக்கு 2050 வரை ஆள் தேவை என்று 2013இல் செய்தி வந்தது. பழைய பிடிபி, வாக்ஸ் எந்திரங்களுக்குப் பதிலாக எமுலேட்டர் விற்றே பிழைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

இன்னொரு பதில் சரித்திரத்துக்கானது. இன்றைய லினக்ஸ், மேக், போன் எல்லாவற்றுக்கும் யோசனையால் மூதாதை யுனிக்ஸ். அது முதலில் எழுதப்பட்டது பிடிபி-7 என்ற எந்திரத்தில். அதன் கோடு கம்ப்யூட்டர் வடிவில் யாரிடமும் இல்லை. ஒருவர் பத்திரமாக வைத்திருந்த பிரிண்ட் அவுட்டின் ஸ்கேன் 2016இல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் வாரன் டூமியும் நண்பர்களும் அதை எழுத்தாக மாற்றி, விட்டுப்போன பகுதிகளைத் தாங்களே எழுதி நிரப்பி, சிம்எச்சில் ஓட வைத்தார்கள். அதற்கு முன் 2008இலும் 1972ஆம் வருஷத்து ஒரு பேப்பர் பிரிண்ட் அவுட்டை வைத்து யுனிக்ஸின் முதல் பதிப்பை இதேபோல எழுப்பியிருந்தார்கள். வெறும் காகிதம், ஓடும் எமுலேட்டர், பொறுமையான நாலு பேர். வேறொன்றும் இல்லை.

நிஜ எந்திரத்தையே காட்சிக்கு வைக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவில் சியாட்டிலில் பழைய கம்ப்யூட்டர்களை ஓடும் நிலையிலேயே வைத்திருந்த அருமையான மியூசியம் ஒன்று இருந்தது. 2020இல் மூடினார்கள். 2024இல் இனித் திறக்காது என்று சொல்லி, பொருட்களை ஏலத்துக்கு அனுப்பினார்கள். இரும்பை ஒரு இடத்தில்தான் வைக்க முடியும். கோடை ஆயிரம் வீட்டில் வைக்கலாம்.

டிடிசிக்கு என்ன வேண்டும்?

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். சிம்எச்சின் பட்டியலைத் திறந்து பாருங்கள். கான்பூருக்கு வந்த 1620 இருக்கிறது. நம் நாட்டில் பல இடங்களில் ஓடிய ஐபிஎம் 1401 இருக்கிறது. பிடிபி-8, பிடிபி-11 இருக்கின்றன. 1973இல் ஐஐடி மெட்ராசுக்கு வந்த ஐபிஎம் 370 வகைக்கு, ரோஜர் பௌலர் 1999இல் தொடங்கிய ஹெர்குலிஸ் என்ற தனி எமுலேட்டரே இருக்கிறது. அதாவது நாம் இறக்குமதி செய்த எந்திரமெல்லாம் இன்று உங்கள் லேப்டாப்பில் ஓடும். நாமே செய்த டிடிசி-12, 312, 316 அந்தப் பட்டியலில் இல்லை.

இது கஷ்டமான வேலையும் இல்லை. பிடிபி-8 எமுலேட்டரின் மையப் பகுதியை ஒரு நல்ல புரோகிராமர் சில வாரத்தில் எழுதிவிடுவார். அதே குடும்பத்து டிடிசிக்கும் அதிகம் ஆகாது. ஆனால் 'ஒத்தது' என்பது எமுலேட்டருக்குப் போதாது. எந்தக் கட்டளைக்கு எந்த எண், ஒவ்வொன்றும் எந்த பிட்டைத் தொடும், டெலிபிரிண்டரோடும் பேப்பர் டேப்போடும் எப்படிப் பேசும் என்று அச்சொட்டாகத் தெரிய வேண்டும். அதற்கு மேனுவல் வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க அன்று ஓடிய புரோகிராம் ஒன்றாவது வேண்டும். பிரிண்ட் அவுட்டோ, ஓட்டை போட்ட பேப்பர் டேப்போ, எது கிடைத்தாலும் சரி.

அவை எங்கே இருக்கும்? வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேருடைய அப்பா, மாமனார், பெரியப்பா ஹைதராபாத்திலும் கல்பாக்கத்திலும் டிராம்பேயிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள்? 1969இல் இருபத்தைந்து வயசில் சேர்ந்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அவருடைய டிரங்குப் பெட்டி ஏதோ ஒரு பரணில் இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டை வெள்ளையடிக்கக் காலி செய்வோம், 'பழைய பேப்பர்' என்று எடைக்குப் போடுவோம். கிலோவுக்குப் பத்து ரூபாய் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்தப் பெட்டி முன் உட்காருங்கள். எந்திரத்தின் பயனர் மேனுவல், பயிற்சி வகுப்பு நோட்டு, அகலமான பேப்பரில் அடித்த புரோகிராம் லிஸ்ட் கிடைத்தால் நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். பேப்பர் டேப்பைத் தரையில் நீட்டிப் போட்டு எடுத்தாலே போதும், ஓட்டைகளைப் பார்த்துப் படித்துவிடலாம். காந்த நாடா என்றால் எடுத்த கையோடு ஓட்டிப் பார்க்காதீர்கள், பூச்சு உதிர்ந்துவிடும். 'ரகசியம்' என்று முத்திரை குத்திய எதையும் பரப்ப வேண்டாம், அணுசக்தித் துறை விஷயம். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அலுவலகத்திலும் அனுமதி வாங்குங்கள்.

பேப்பர் ஒன்றுமே இல்லையா? அப்பாவைப் பேசச் சொல்லுங்கள். முன் பலகையில் எத்தனை ஸ்விட்ச், காலையில் எந்திரத்தை எழுப்ப எந்த எண்ணைக் கையால் தட்டுவார்கள், எது அடிக்கடி மக்கர் பண்ணும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். என் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்காரர் ஈசிஐஎல்லில் ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் காற்று வாங்கும்போது ஒருநாள், ஸ்விட்சுகளைத் தட்டும் வரிசையை விரலால் காற்றிலேயே தட்டிக் காட்டினார். ரிட்டயராகிப் பல வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை.

எமுலேட்டர் கோடு எழுத ஆள் கிடைக்கும், நானே ஒரு கை கொடுப்பேன். வருஷா வருஷம் புதுக் கம்பைலருக்கு அதைச் சரிக்கட்டவும் எங்கேயாவது ஒரு கிறுக்கன் இருப்பான். அந்த மேனுவலை மட்டும் யாராலும் உட்கார்ந்து எழுத முடியாது. அது பரணில் இருந்தால் உண்டு, எடைக்குப் போய்விட்டால் இல்லை. இந்த வாரம் ஊருக்கு போன் பண்ணும்போது, சாப்பிட்டீங்களா கேட்ட பிறகு, அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.